கொட்டத்துச் சுவர்

அலங்காநல்லூருக்கு மேற்கே, கிணற்றுத் தோட்டம்
1936, மாசி 20

என் தங்கை செல்லத்தாயைக் கட்டிய மாப்பிள்ளை முத்திருளனுக்கு, அவள் கூடப்பிறந்தவன் மலையாண்டி எழுதிக்கொண்டது. நானும் மாடுகளும் சுகம். கிணற்றில் மூன்று ஆள் ஆழம் தண்ணீர் நிற்கிறது. மாட்டுக் கொட்டத்தில் வைக்கோல் கூரையை முட்டுகிறது. அங்கே மேட்டூரில் நீங்கள் மூவரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதற்குத்தானே என்னை விட்டுவிட்டு அணைக்கட்டு வேலைக்குப் போனீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பக்கத்துக் காட்டுக் காசிமாயன் வரப்பில் நின்று, "என்னண்ணே, தங்கச்சி மக கலியாணத்துக்கு மாலை சொல்லியாச்சா?" என்று கேட்டான். எந்தத் தங்கச்சி, எந்தக் கலியாணம் என்றேன். உன் மகள் சோலையம்மாளுக்கு வைகாசியில் கல்யாணமாம். மாப்பிள்ளை கப்பலூர்க் கண்ணுச்சாமியாம். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. தாய்மாமனுக்குத் தெரியவில்லை.

தாய்மாமனுக்கு முதல் வெற்றிலை வைக்காமல் நம்மில் யார் பெண்ணுக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள்? மாமன் மாலை கழுத்தில் விழாமல் எந்தப் பெண் மணவறைக்கு வந்திருக்கிறாள்? சோலை பிறந்தபோது அவள் நாக்கில் சேனை தொட்டு வைத்தது என் விரல். என் பெண்டாட்டி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகன் நல்லகாமன் மில் வேலை என்று பெண்டாட்டியோடு மதுரைக்குப் போய்விட்டான். எனக்கென்று மிச்சம் இருந்தது இந்த ஒரு மாலை. அதையும் பறித்துக்கொண்டீர்கள்.

பெருவிரலை மையில் முக்கக் கூடாது என்பதற்காக முப்பது வயதில் கடைப் பலகைகளைப் பார்த்து எழுதக் கற்றவன் நான். இதையும் யாரையும் கெஞ்சாமல் என் கையால் எழுதுகிறேன். பதில் வரவேண்டும்.

இப்படிக்கு,
ரேகை வைக்காத மலையாண்டி


மேட்டூர் அணை
மாசி 28

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு முத்திருளன் கும்பிட்டு எழுதுவது. செல்லத்தாய்க்கு முழங்கால் வலி. மற்றபடி இங்கே எல்லோரும் நலம். தங்கள் நலத்தையும் கோபத்தையும் கடிதத்தில் அறிந்தோம்.

மச்சான், தங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். விளையாட்டுக்கு எழுதியிருக்கிறீர்களோ என்று ஐந்தாம் தரமும் படித்தேன். தை நாலாம் தேதி, சல்லிக்கட்டுக்கு மறுநாள், நான் தோட்டத்துக்கு வந்தேனே. செல்லத்தாய்க்குக் கால் முடியாததால் தனியாக வந்தேன். நீங்கள் கொட்டத்து வாசலில் நின்று, "வா மாப்ள, அணை ஒடைஞ்சு போச்சா, இந்தப் பக்கம் தலை தெரியுது?" என்று கேட்டீர்கள். நான் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினீர்கள். கம்மங்கஞ்சி குடித்தோம். கருவாட்டை நீங்களே சுட்டீர்கள், தீய்த்தும்விட்டீர்கள். பிறகு வண்டி பூட்டி என்னை மதுரைக் கல்பாலம் வரைக்கும் கொண்டுவந்து விட்டீர்கள். வழி முழுக்க, மாலைக்குச் சம்பங்கியா மல்லிகையா என்றே பேச்சு.

இதில் ஒன்றும் பொய் இல்லை. காசிமாயன் வரப்பிலிருந்து எனக்குக் கும்பிடு போட்டார். அவரைக் கேட்டுப் பாருங்கள்.

சோலை தங்களை விசாரித்தாள். செல்லத்தாய் இந்தக் கடிதத்தை எழுதவேண்டாம் என்றாள். நான்தான் எழுதினேன்.

தங்கள் அன்புள்ள,
முத்திருளன்


கிணற்றுத் தோட்டம்
பங்குனி 4

முத்திருளனுக்கு மலையாண்டி எழுதியது. நான் சுகம். மாடுகள் சுகம். மனுசனைவிட அவை எவ்வளவோ மேல். தண்ணீர் அரை ஆள் இறங்கியிருக்கிறது, வைக்கோல் ஒரு முழம்.

காசிமாயனைக் கேட்டேன். "ஆமாண்ணே, வந்தாரு. நீதான வண்டி பூட்டிக்கிட்டுப் போன" என்கிறான். அவனையும் நீ வளைத்துவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

என் கொட்டத்துச் சுவரை நீ பார்த்திருக்கிறாய். மாடு ஈன்ற நாள், மழை இறங்கிய நாள், என் பெண்டாட்டி செத்த நாள், எல்லாம் கரிக்கட்டியால் என் கைப்பட எழுதியது. என் வீட்டில் நடந்த எதுவும் அந்தச் சுவரில் ஏறாமல் இருந்ததில்லை. கண்ணுக்குத் தெரிகிற சுவர் முழுதும் தேடினேன். நீ வந்தது அதில் இல்லை. ஆகவே நீ வரவில்லை. ஊரார் வாயில் ஆயிரம் வரும். நான் நம்புகிறது என் எழுத்தை மட்டும்.

கருவாட்டை நான் தீய்த்தேன் என்று வேறு எழுதியிருக்கிறாய். நாற்பது வருஷமாகக் கருவாடு சுடுகிறேன். பொய் சொல்கிறவன் அளவோடு சொல்ல வேண்டும்.

இனி எனக்கும் உனக்கும் பேச்சில்லை. மாலையை அந்த அணைக்கட்டு இஞ்சினியரை விட்டுப் போடச் சொல். செல்லத்தாய் முழங்காலுக்கு நொச்சி இலையை வதக்கிக் கட்டு. சூடாகக் கட்டாதே, அவளுக்குத் தோல் பொறுக்காது.

இப்படிக்கு,
ரேகை வைக்காத மலையாண்டி


மேட்டூர் அணை
பங்குனி 24

மச்சான் அவர்களுக்கு முத்திருளன் கும்பிடு. நொச்சி கட்டியதில் செல்லத்தாய்க்குக் கொஞ்சம் குணம். அது உங்கள் வைத்தியம் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்களா?

பதில் எழுத இருபது நாள் ஆகிவிட்டது. மதகுகளுக்கு எண்ணெய் போடும் வேலை என்று சொல்லலாம். ஆனால் அது காரணமில்லை.

மச்சான், குற்றம் என்னுடையது. நான் வரவில்லை. வர நினைத்தேன், நினைத்ததை நடந்ததாக எண்ணிக்கொண்டு எழுதிவிட்டேன். கொஞ்ச நாளாக எனக்கு ஞாபகம் சரியில்லை. செல்லத்தாயின் பிடுங்கல் பொறுக்காமல் இங்கே குடியிருப்பு டாக்டரிடம் போனேன்.

அவர் நல்ல மனுஷர். அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். "ஒரு பேரு வாயில வராம நின்னு, சாயங்காலம் தானா வந்தா அது வயசு. நரை மாதிரி. அதுக்குப் பயப்படாதய்யா" என்றார். நடந்த காரியமே அடியோடு போய்விட்டால், பழகின பாதையே புரியாமல் நின்றால், அது வேறு என்றார். அதைப் பிடிவாதம் என்றோ, பொய் என்றோ, எவனோ வைத்த சூனியம் என்றோ வீட்டார் எடுத்துக்கொள்ளக் கூடாதாம். கால் தளர்கிற மாதிரி மூளையும் சிலருக்குத் தளர்கிறதாம். போனதைத் திருப்பித் தரும் மருந்து தன்னிடம் இல்லை என்றும் ஒளிக்காமல் சொன்னார்.

ஆனால் கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் விடவில்லை. முதலில் என் காதைத்தான் பார்த்தார். "காதுல விழாதத மூளை எங்கய்யா கொண்டுபோய் வைக்கும்?" என்றார். தினமும் நடக்கச் சொன்னார். புகையிலையை நிறுத்தச் சொன்னார், நேரத்தோடு படுக்கச் சொன்னார். எல்லாவற்றையும்விட, தனியாக உட்கார்ந்திருக்காதே, நாலு பேரோடு பேசு, சண்டையானாலும் பரவாயில்லை என்றார். அது கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் சண்டைக்குக் குறைவைத்ததில்லை.

மன்னித்து, பதில் எழுதுங்கள். வெற்றிலையோடு வருவதற்கு நாள் சொல்லுங்கள்.

தங்கள்,
முத்திருளன்


கிணற்றுத் தோட்டம்
சித்திரை 3

மாப்பிள்ளைக்கு மலையாண்டி எழுதிக்கொண்டது. புது வருஷம் பிறந்தது. நானும் மாடுகளும் சுகம். தண்ணீர் இரண்டு ஆளுக்கு வந்துவிட்டது. வைக்கோல் மார்பு மட்டுக்கு இருக்கிறது. உன் தலைக்குள் எவ்வளவு மிச்சம் என்று எழுது.

குற்றத்தை ஒப்புக்கொண்டதால் மேற்கொண்டு பேசவில்லை. ஆனால் உன் மூளையைப் பற்றி டாக்டர் சொல்லித்தானா தெரிய வேண்டும்? உன் கல்யாணத்தன்று உன் செருப்பை விட்டுவிட்டு என் செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு போனாயே, அன்றைக்கே நான் செல்லத்தாயிடம் சொன்னேன். அவள்தான் கேட்கவில்லை.

டாக்டர் சொன்னபடி நட. புகையிலையை விடு. நீ தனியாக விட்டால் விடமாட்டாய் என்பதால் நானும் உனக்குத் துணையாக விட்டிருக்கிறேன். இன்றைக்கு ஏழு நாள். எனக்கு அது தேவையில்லை என்பதை நினைவில் வை. உன்னால் முடிந்தால்.

போன வாரம் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு வடக்கயிறு வாங்க மதுரை போனேன். கீழமாசி வீதியில் கடைகளை எல்லாம் இடம் மாற்றியிருக்கிறார்கள். இப்படி மாற்றினால் மனுசன் எப்படிப் போய்வருவான்? பசுமலையில் ஒரு வேலை இருந்தது. அதனால் அது வரைக்கும் நடந்தேன். அங்கே பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் தண்ணீர் கொடுத்து, தானே கூட வந்து, வைகை தாண்டி வண்டி ஏற்றிவிட்டார். கெட்டிக்காரர். என் பெயரை எழுதிக் காட்டினேன், எழுத்து நன்றாக இருக்கிறது என்றார். கயிறு கடையிலேயே இருந்துவிட்டது.

அந்த டாக்டரிடம் ஒன்று கேள். ஒரு பேச்சுக்குத்தான். பழகின பாதை புரியாமல் போவது ஒரே ஒரு தரம் நடந்தாலும் அது அந்த வேறு வகைதானா? கடும் வெயிலில் நடந்தால் நல்ல மூளைக்காரனுக்கும் அப்படி ஆகுமா? உனக்கு உபயோகப்படும் என்று கேட்கச் சொல்கிறேன்.

வெற்றிலையோடு எந்த நாளும் வரலாம். நான் எங்கே போகப்போகிறேன்.

இப்படிக்கு,
ரேகை வைக்காத மலையாண்டி


கிணற்றுத் தோட்டம்
சித்திரை 19

என் தங்கை செல்லத்தாயைக் கட்டிய மாப்பிள்ளை முத்திருளனுக்கு, அவள் கூடப்பிறந்தவன் மலையாண்டி எழுதிக்கொண்டது. நானும் மாடுகளும் சுகம். அங்கே நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்றுப் பக்கத்துக் காட்டுக் காசிமாயன் வரப்பில் நின்று, கலியாணத்துக்கு மாலை சொல்லியாச்சா என்று கேட்டான். எந்தக் கலியாணம் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். உன் மகள் சோலையம்மாளுக்கு வைகாசியில் கல்யாணமாம். எனக்கு ஒரு வார்த்தை இல்லை. தாய்மாமனுக்கு வெற்றிலை இல்லை. மூன்று வருஷமாக உன் முகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கடிதம் இல்லை. சோலை பிறந்தபோது அவள் நாக்கில் சேனை தொட்டு வைத்தது என் விரல்.

இதையும் யாரையும் கெஞ்சாமல் என் கையால் எழுதுகிறேன். பதில் வரவேண்டும்.

இப்படிக்கு,
ரேகை வைக்காத மலையாண்டி


மேட்டூர் அணை
சித்திரை 27

அன்புள்ள மாமாவுக்குச் சோலையம்மாள் வணங்கி எழுதுவது. உங்கள் கடிதம் வந்தது. அப்பா படித்தார். பிறகு அம்மா என்னை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். அம்மா இப்போது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுகிறாள். சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுது என்கிறாள்.

"அண்ணே, செல்லத்தாயி பேசுறேன். ஒனக்கு வெத்தலை வைக்காதது எங்க தப்புத்தேன். ஒம் மேல ஒரு குத்தமும் இல்ல. வைகாசி பத்தொம்பதாம் தேதி மூணு பேரும் தோட்டத்துக்கு வாரோம். வெத்தலையோட வாரோம். கலியாணம் கப்பலூருல, ஆனா பொண்ணு ஒன் வீட்டுல இருந்துதேன் கெளம்பும். நீ எங்கயும் அலைய வேணாம். ஒன் கெணத்து மேட்டுல நின்னு மாலை போடு.

"எங் கலியாணத்தன்னைக்கு என்னைய வண்டியில ஏத்திவிட்டு நீ திரும்பிக்கூடப் பாக்காம மாட்ட ஓட்டுன. எம்புட்டுக் கோவம் இந்த அண்ணனுக்குன்னு நான் ராவெல்லாம் அழுதேன். அழுத மொகத்த எனக்குக் காட்டக் கூடாதுன்னு ஓட்டுனன்னு இவரு பெறகுதேன் சொன்னாரு. இந்தத் தடவ திரும்பிப் பாரு அண்ணே. நாங்க வர்ற வரைக்கும் கஞ்சிய நேரத்துக்குக் குடி. காசிமாயன் அண்ணனோட தெனம் நாலு வார்த்தை பேசு. எனக்கு ஒன்னைய இப்பவே பாக்கணும் போல இருக்கு."

மாமா, இதற்குமேல் அம்மா சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்குச் சம்பங்கி பிடிக்கும்.

உங்கள்,
சோலை


கிணற்றுத் தோட்டம்
வைகாசி 3

மாப்பிள்ளை முத்திருளனுக்கு மலையாண்டி எழுதுவது. உடம்பு சுகம். மாடுகள் சுகம். தண்ணீர் ஒரு ஆள். வைக்கோல் முழங்கால் மட்டுக்கு வந்துவிட்டது.

அதனால்தான் எழுதுகிறேன். வெளியே படப்புப் போட்டால் வழியில் போகிறவன் உருவிக்கொண்டு போவான் என்று நான் அறுப்பு வைக்கோலைக் கொட்டத்துக்குள் சுவரோரமாக அடுக்குகிறவன். உனக்குத் தெரியும். இன்று காலை மாட்டுக்குப் பிடுங்கும்போது சுவரில் கரி தெரிந்தது. ஒதுக்கிப் பார்த்தேன். இப்படி இருக்கிறது:

தை 4. மாப்ள வந்தான். சோலைக்கு வைகாசி 22. வெற்றிலை வாங்கினேன். கருவாடு தீய்ந்துவிட்டது. மாலை என்னுடையது.

எழுத்து என்னுடையது. அந்த 'மா'வுக்கு என்னைப் போல வால் இழுக்கிறவன் இந்தச் சீமையில் வேறு இல்லை. எச்சில் தொட்டு அழித்துப் பார்த்தேன், புதிதாக யாரும் எழுதியதும் அல்ல. நான் இந்தக் கையால் வெற்றிலையை வாங்கி, இந்தக் கையால் எழுதி, அதன்மேல் வைக்கோலை அடுக்கிவிட்டு, உன்னைப் பொய்யன் என்று இதே கையால் எழுதியிருக்கிறேன். சுவருக்கு முன்னால் நின்று எவ்வளவு யோசித்தும் நீ வந்தது வரவில்லை. இருட்டாகக்கூட இல்லை மாப்ள. அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

பிறகு கம்பியில் குத்தி வைத்திருக்கும் கடிதங்களை எடுத்து வரிசையாகப் படித்தேன். நீ பங்குனியில் மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். செல்லத்தாய் சித்திரையில் அதையே திரும்பக் கேட்டிருக்கிறாள். ஒரே குற்றத்துக்கு இரண்டு மன்னிப்பு எதற்கு? வெற்றிலை எங்கே என்று நான்தான் இரண்டு தரம் கேட்டிருக்கிறேன். அந்த டாக்டர் யாரைப் பற்றிப் பேசினார் என்பதும் புரிந்தது. உன் தலையில் ஒரு குறையும் இல்லை, செருப்பு விஷயம் தவிர.

மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. பசுமலையில் எனக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. வீட்டுக்கு வர ஆற்றைத் தேடிக்கொண்டு, அதற்கு நேர் எதிர்ப்பக்கமாகப் போனேன். எந்தப் பக்கம் ஆறு என்று கேட்க வெட்கமாக இருந்தது. இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை.

வெற்றிலை மறுபடி வேண்டாம். ஒரு தரம் வாங்கியாகிவிட்டது. எனக்கு வேண்டியது வேறு. இனி என்மேல் இரக்கப்பட்டு ஒரு பொய்கூட எழுதாதே. என் தலைக்குள் எது நின்றது எது போனது என்று எனக்கே தெரியாதபோது, நீயும் மாற்றி எழுதினால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்? நடந்ததை நடந்தபடி எழுது, அது என்னைக் கேவலப்படுத்தினாலும் சரி.

செல்லத்தாயிடம் சீக்கிரம் வரச் சொல். அவளைப் பார்த்து, நீ யார் என்று நான் கேட்பதற்கு முன்னால்.

மலையாண்டி


மேட்டூர் அணை
வைகாசி 9

மச்சானுக்கு முத்திருளன் கும்பிட்டு எழுதுவது. நாங்கள் நலம்.

இனிப் பொய் எழுத மாட்டேன். சத்தியம். முதல் உண்மையாக ஒன்று: நல்லகாமனுக்கு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். கோபப்படுவீர்கள் என்று தெரிந்தே எழுதினேன்.

நீங்கள் கேட்டதை டாக்டரிடம் கேட்டேன். இந்தத் தரம், இது என் மச்சானுக்கு என்று சொல்லித்தான். "ஒரு தடவய வச்சு எதையும் முடிவு கட்டாத. காதப் பாக்கணும், ரத்தத்தப் பாக்கணும், தூங்குறாரா சாப்பிடுறாரான்னு பாக்கணும். மதுரையில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போ" என்றார். சுவரில் எழுதுகிற பழக்கத்தைக் கேட்டு மேஜையைத் தட்டினார். "அந்த மனுஷன விடாம எழுதச் சொல்லு" என்றார். சாமான்களை எப்போதும் வைக்கிற இடத்திலேயே வைக்க வேண்டும், வீட்டை மாற்றக் கூடாது என்றும் சொன்னார். பெண்ணை உங்கள் தோட்டத்திலிருந்து கிளப்ப வேண்டும் என்று செல்லத்தாய் அதற்கு முன்பே சொல்லிவிட்டாள். படிக்காதவள், ஆனால் டாக்டரை முந்திக்கொண்டாள்.

பத்தொன்பதாம் தேதி வருகிறோம். எதிர்கொண்டு ரோட்டுக்கு வரவேண்டாம். தோட்டத்திலேயே இருங்கள்.

முத்திருளன்


கிணற்றுத் தோட்டம்
ஆனி 20

மாப்பிள்ளை முத்திருளனுக்கு மலையாண்டி. சுகம். மழை ஒரு பாட்டம் பெய்தது, சுவரில் எழுதியிருக்கிறேன்.

கொட்டத்து ஆணியில் ஒரு மாலை தொங்குகிறது. காய்ந்துவிட்டது, சம்பங்கி என்று மணத்தில் தெரிகிறது. யாருடையது என்று ஜெயக்கொடியைக் கேட்டேன். என் மருமகள்தான். நல்லகாமன் அவளோடு இங்கேயே வந்துவிட்டான், இங்கிருந்து மில்லுக்கு சைக்கிளில் போய்வருகிறான். அவள், "ஒங்க மருமக சோலையோட மாலை மாமா" என்றாள். சுவரில் வைகாசி 22 என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். அன்று கை ஒழியவில்லையோ, மனம் ஒழியவில்லையோ தெரியவில்லை.

கல்யாணம் நடந்துவிட்டதா? நான் மாலை போட்டேனா? நீ கொடுத்த வாக்குப்படி எழுது.

மலையாண்டி


மேட்டூர் அணை
ஆனி 27

அன்புள்ள மச்சானுக்கு முத்திருளன் எழுதுவது. நானும் செல்லத்தாயும் நலம். சோலை கப்பலூரில் நலம்.

நடந்ததை எழுதுகிறேன். வைகாசி 19 சாயங்காலம் நாங்கள் மூவரும் தோட்டத்துக்கு வந்தோம். வண்டியிலிருந்து செல்லத்தாய் இறங்குவதற்குள் நீங்கள் ஓடிவந்து கையைப் பிடித்து, "முழங்காலு எப்பிடித்தா இருக்கு?" என்று கேட்டீர்கள். யாரும் பெயர் சொல்லித் தரவில்லை. நீங்கள் உள்ளே போனபிறகு அவள் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

22 காலை, கிணற்று மேட்டில் சோலையைக் கிழக்கே பார்க்க நிறுத்தி மாலை போட்டீர்கள். அவள் காலில் விழுந்தாள். தூக்கி நிறுத்தினீர்கள்.

இதோடு நிறுத்திவிடலாம் என்று நேற்று முழுக்க நினைத்தேன். வாக்குக் கொடுத்திருப்பதால் மிச்சத்தையும் எழுதுகிறேன். வண்டிகள் பூட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் கொட்டத்துக்குள் போய் வந்து, சோலையைப் பார்த்துவிட்டு, கப்பலூர்க்காரர்கள் எல்லோர் முன்னாலும், "தாய்மாமன் நான் ஒருத்தன் உசுரோட நிக்கையில எவன்டா எம் மருமகளுக்கு மாலை போட்டது?" என்று சத்தம் போட்டீர்கள். மாடுகள்கூட மிரண்டன. நான் வாயைத் திறந்தேன். செல்லத்தாய் என் கையை அழுத்தினாள்.

சோலை மாலையைக் கழற்றி உங்கள் கையில் கொடுத்தாள். "யாரும் போடல மாமா. ஆசைக்கு நானாத்தேன் மாட்டிப் பாத்தேன். நீங்க போடுங்க" என்று தலையைக் குனிந்தாள். நீங்கள் இரண்டாம் தரம் போட்டீர்கள். கப்பலூர்ப் பெரியவர் ஒருவர், "ஊரு ஒலகத்துல ஒரு மாமன் மாலைக்கே வழியக் காணோம், இந்தப் புள்ளைக்கு ரெண்டா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். வண்டி புறப்பட்டபோது, செல்லத்தாய் சொன்னபடி, திரும்பிப் பார்த்தீர்கள்.

மறுவீட்டுக்கு வந்தபோது சோலை அந்த மாலையை உங்கள் ஆணியில் மாட்டினாள். வேறு எங்கும் மாட்ட மனம் வரவில்லை என்றாள்.

ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

முத்திருளன்


கிணற்றுத் தோட்டம்
ஆடி 16

என் தங்கை செல்லத்தாயைக் கட்டிய மாப்பிள்ளை முத்திருளனுக்கு மலையாண்டி எழுதிக்கொண்டது. நானும் மாடுகளும் சுகம். கிணற்றில் தண்ணீர் ஏறுகிறது. வைக்கோல் தீர்ந்தது, சுவர் முழுதும் தெரிகிறது.

ஆஸ்பத்திரியில் காதிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கு அளவு அழுக்கு எடுத்தார்கள். இப்போது ஜெயக்கொடி முணுமுணுப்பதெல்லாம் கேட்கிறது. இது லாபமா நஷ்டமா என்று தெரியவில்லை. காலையும் மாலையும் காசிமாயனோடு ஓடைக்கரை வரைக்கும் நடக்கச் சொல்லி விரட்டுகிறாள். அவன் ஒரே கதையைத் தினமும் சொல்கிறான். நான் தினமும் புதிதாகக் கேட்கிறேன். இரண்டு பேருக்கும் நட்டமில்லை.

இன்று காலை கம்பியில் ஒரு கடிதம் இருந்தது. மடிப்பு நைந்து பிரியும் நிலையில் இருக்கிறது, ஆகவே பல நாள் படித்திருக்கிறேன். எனக்கு இன்றைக்குத்தான் வந்தது போல் இருந்தது. சோலைக்கு நான் மாலை போட்டிருக்கிறேன் என்று அதில் கண்டு, கொட்டத்துக்குப் போய் மாலையைத் தொட்டுப் பார்த்தேன். இதழ் உதிர்கிறது. நாளைக் காலையும் இந்தச் சந்தோஷம் எனக்குப் புதிதாகக் கிடைக்கும் போலிருக்கிறது. அது ஒன்றுதான் இந்த வியாதியில் நான் கண்ட நல்லது.

நான் சத்தம் போட்டதாகவும் அதில் எழுதியிருக்கிறது. அப்படி நடக்கவே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். இப்போது எந்த மறைப்பும் இல்லை. வைகாசி 22-க்குப் பக்கத்தில் வெறும் சுண்ணாம்புதான் இருக்கிறது.

கரிக்கட்டியை எடுத்து அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: இரண்டு மாலை போட்டேன். மாப்ள எழுதியிருக்கிறான். நம்புகிறேன்.

செல்லத்தாயை ஒரு தரம் வந்து போகச் சொல். அவள் வந்துபோனதையும் நீயே எழுது.

இப்படிக்கு,
அவள் அண்ணன் மலையாண்டி